தண்டலத்தில் கடல் இல்லை. ஆனால் உங்கள் கையில் போன் இருக்கிறது

தண்டலம் பஸ் ஸ்டாப்பில் நின்று சுற்றிப் பாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷிஃப்ட் முடிந்து ஐடி கார்டோடு நடந்து வரும் பெண்கள், டீக்கடை. கடல் இங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அப்புறம் சுனாமியைப் பற்றி உங்களுக்கு எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலை பார்க்கிறவர்களில் எத்தனை பேருடைய சொந்த ஊர் நாகப்பட்டினம், கடலூர், மயிலாடுதுறை, ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று ஹாஸ்டலில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நீங்கள் இங்கே பாதுகாப்பாக இருக்கலாம். அம்மா, அப்பா, பாட்டி, தம்பி எல்லாம் கடலோரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேதி போய்ச் சேரும் வழிகளில் ஒன்று நீங்கள்.

இது வெறும் பேச்சு இல்லைங்க. 2004-ல் ஒரே ஒரு போன் அழைப்பு ஒரு மீனவ ஊரையே காப்பாற்றியது. அதைச் சொல்வதற்கு முன், அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உங்களில் பலருக்கு அப்போது விவரம் தெரியாத வயது. எனக்கும்தான்.

இரண்டரை மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை ஒட்டிய கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நுழையும் இடம் அது. பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த அழுத்தம் ஒரே மூச்சில் வெளிப்பட்டது. சுமத்ராவில் தொடங்கிய பிளவு நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. கடல் தரை பல மீட்டர் மேலே எழும்பியதும், அதன் மேலிருந்த மொத்தத் தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. அதுதான் சுனாமி.

காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பில் மட்டும் ஓடும். சுனாமியில் அடித்தரை முதல் மேல்மட்டம் வரை முழுக் கடலும் நகரும். ஆழ்கடலில் அது விமானத்துக்கு நிகரான வேகத்தில், மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல் பாயும். ஆனால் அங்கே உயரம் ரொம்பக் குறைவு. படகில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும், வேகமும் குறையும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதன் மேல் ஏறும். அப்போதுதான் உயரம் கூடுகிறது.

தமிழகக் கரைக்கு அந்த அலை வந்து சேர்ந்தது காலை ஒன்பது மணி வாக்கில். அதாவது நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தது. சென்னையில் சிலர் அன்று காலை ஆறரை மணிக்கே கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள். எழுந்து வெளியே வந்து பேசிக்கொண்டார்கள். திரும்பவும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பசிபிக் கடலுக்கு 1949 முதலே ஹவாயில் ஓர் எச்சரிக்கை மையம் உண்டு. அந்த மையம் சில நிமிடங்களிலேயே நிலநடுக்கத்தைப் பதிவு செய்துவிட்டது. முதல் கணக்கில் அதன் அளவு 8.0 என்று குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை. யாரை அழைப்பது, அழைத்தால் அவர் யாரிடம் சொல்வார், கடைசியில் கரையில் நிற்பவர் காதுக்கு யார் கொண்டுபோவது? இப்படி ஒரு சங்கிலியே அன்று கிடையாது.

பாதிப்பு

பதினான்கு நாடுகளில் சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், கடலூர் தேவனாம்பட்டினம், குமரியில் குளச்சல் என்று வரிசையாக மீனவ ஊர்கள் அடிவாங்கின. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த வெளியூர்ப் பக்தர்கள் ஏராளமானோர் கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கடலுக்குள் போயிருந்த ஆண்கள் பலர் பிழைத்தார்கள். மீன் வாங்கவும் பிரிக்கவும் கரையில் நின்றிருந்த பெண்களும், லீவு நாளில் மணலில் விளையாடிய பிள்ளைகளும் அலையில் போனார்கள். திரும்பி வந்த அப்பாக்களுக்கு வீடே இல்லை.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நிக்கோபாரில் நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் தரையே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய், கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீரில் நின்றது. நாகை மாவட்டத்தில் வயல்களில் உப்பு ஏறியது. மழை நீரில் கழுவி, ஜிப்சம் போட்டு, பசுந்தாள் உரம் போட்டுத்தான் அந்த மண்ணை மீண்டும் பயிருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒரு போன் அழைப்பு

இப்போது அந்த ஊர்க் கதைக்கு வருவோம். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஒரு கிராமத் தகவல் மையம் இருந்தது. தினமும் கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்த ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அன்று டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்தார். உடனே ஊருக்கு போன் போட்டார்.

சேதி கிடைத்தவர்கள் அதைத் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. தகவல் மையத்தின் மைக்கில் அறிவித்தார்கள். ஊர் வெளியேறியது. அலை வந்தது. வீடுகள் போயின, படகுகள் போயின. ஆனால் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. தூரத்தில் இருந்தவருக்கு முதலில் தெரிந்தது. அவர் தயங்காமல் அழைத்தார். ஊரில் ஒரு மைக் தயாராக இருந்தது. மூன்றில் எது இல்லாமல் போயிருந்தாலும் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அன்று சிங்கப்பூரில் இருந்த அந்த இளைஞரின் இடத்தில்தான் இன்று தண்டலத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

முதல் மாற்றம் வீடு. கடலோரக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடுகள் கட்டித் தரப்பட்டன. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத் தரப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இல்லங்கள் தொடங்கப்பட்டன. கரையை விட்டுத் தள்ளிப் போன குடும்பங்களுக்கு, படகும் வலையும் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்ற சிரமமும் சேர்ந்தே வந்தது.

இரண்டாவது, சட்டம். 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அமைந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது.

மூன்றாவதுதான் நம் கதைக்கு முக்கியம். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் நிறுவனத்தில் 24 மணி நேரமும் இயங்குகிறது. நிலநடுக்கமானிகள், ஆழ்கடல் தரையில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர அலைமானிகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். பெரிய நிலநடுக்கம் நடந்த பத்து நிமிட வாக்கில் முதல் அறிக்கை வந்துவிடும்.

அங்கிருந்து மாநில அவசரகால மையம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலோரக் கிராமங்களில் உள்ள எச்சரிக்கை ஒலிபெருக்கிகள், உங்கள் போன் என்று சேதி இறங்கி வருகிறது. தங்குவதற்குப் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களும் கட்டப்பட்டுள்ளன.

நம் கரைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல்

"நிலம் ஆடும், கடல் உள்வாங்கும், அதைப் பார்த்ததும் ஓடிவிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் கவனம் தேவை.

தாய்லாந்துப் பக்கம் 2004-ல் முதலில் கடல் உள்வாங்கியது. பள்ளியில் இரண்டு வாரத்துக்கு முன் படித்ததை ஞாபகம் வைத்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி, அந்த அறிகுறியைப் பார்த்துச் சொன்னதால் பூக்கெட்டில் ஒரு கடற்கரையே காலியானது. சுமத்ராவுக்கு அருகே சிமலுவே தீவில் 1907-ல் வந்த சுனாமியைப் பாட்டி தாத்தாக்கள் தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வைத்திருந்தார்கள். தரை பலமாக ஆடியதும் மக்கள் மலைக்கு ஓடினார்கள். பல்லாயிரம் பேர் வாழும் அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

ஆனால் தமிழகக் கரைக்கு முதலில் வந்தது உயர்ந்த அலை. உள்வாங்குவதைப் பார்த்துத் தப்பிக்கலாம் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். சுமத்ரா வெகு தூரம் என்பதால் தரை ஆடுவதும் நம் பக்கம் லேசாகத்தான் தெரியும். நாகையில் மீன் கழுவிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஆக, இயற்கை தரும் அறிகுறி நமக்குக் குறைவு. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது நேரம். அந்த நேரத்தைப் பயன்படுத்த ஒரே வழி, சேதி.

போனில் வரும் சேதியை எப்படிப் படிப்பது?

2023 அக்டோபரில் ஒரு நாள் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கிறதா? சைலன்ட்டில் போட்ட போன்கூடக் கத்தியது. பயந்துபோய் "ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. அது செல் பிராட்காஸ்ட் முறைக்கான சோதனை. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். இதற்கு உங்கள் நம்பர் தேவையில்லை, டேட்டா தேவையில்லை.

இதில் ஒரு விஷயம் புரிகிறதா? அந்தச் சேதி டவரைப் பொறுத்தது. நாகைக்கு மட்டும் அனுப்பினால் தண்டலத்தில் உங்கள் போன் சத்தம் போடாது. அதனால் நீங்கள் செயலியையும் வைத்திருக்க வேண்டும். தமிழக அரசின் டிஎன்-அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் ஆகிய இரண்டு செயலிகளும் இலவசம்.

ஐதராபாத் மையம் மூன்று நிலைகளில் சொல்லும்:

• வார்னிங்: ஆபத்து. கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும்.
• அலர்ட்: கடற்கரையை விட்டு விலகுங்கள். கடலில் இறங்காதீர்கள்.
• வாட்ச்: கவனமாக இருங்கள், அடுத்த அறிக்கைக்குக் காத்திருங்கள். வெளியேறத் தேவையில்லை.

முதல் அறிக்கையில் வரும் எண்ணே கடைசி எண் என்று நினைக்காதீர்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் முதல் எச்சரிக்கையில் இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர் என்றார்கள். பிறகு அது 6 மீட்டர், 10 மீட்டருக்கு மேல் என்று உயர்ந்தது. உலகிலேயே நன்றாகத் தயாராக இருந்த நாட்டுக்கே இந்த நிலை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் இறங்கி ஓடி வந்தார்கள். மெரினா காலி செய்யப்பட்டது. பெரிய அலை வரவில்லை. காரணம், அன்று கடல் தரை மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. "சும்மா பயமுறுத்திட்டாங்க" என்று இதைச் சொல்லலாமா? கூடாது. எச்சரிக்கை வந்து அலை வராமல் போனால் நமக்கு நஷ்டம் ஒரு மதிய நேரம்தான்.

வாட்ஸ்அப் வதந்தி வேண்டாம்

2004 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வருகிறது என்ற எச்சரிக்கை கடலோரம் முழுக்கப் பரவியது. மக்கள் சிதறி ஓடினார்கள். நிவாரண வேலைகள் நின்றன. அலை வரவில்லை. அறிவியல் அடிப்படையில் ஒரே இடத்திலிருந்து எச்சரிக்கை வர வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நாளே போதுமான பாடம்.

ஆகவே ஃபார்வர்டு மெசேஜைப் பார்த்ததும் ஊருக்கு அனுப்பாதீர்கள். செயலியில் பாருங்கள், அல்லது 1070-க்கு அழைத்துக் கேளுங்கள். உறுதியானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ஊருக்கு எப்படிச் சொல்வது?

பதற்றத்தில் "அய்யோ, என்னாச்சு, எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பித்தால் நேரம் போய்விடும். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

"அம்மா, கடல்ல பெரிய நிலநடுக்கம். நம்ம மாவட்டத்துக்கு வார்னிங் போட்டிருக்காங்க. பாட்டியைக் கூட்டிக்கிட்டு இப்பவே ஸ்கூல் மாடிக்குப் போங்க. எதையும் எடுக்க வேணாம். பக்கத்து வீட்டுலயும் சொல்லுங்க."

பதினைந்து வினாடிதான். என்ன நடந்தது, யார் சொன்னது, எங்கே போக வேண்டும், அடுத்து யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கிறது. லைன் கிடைக்காவிட்டால் இதையே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். நெரிசலான நேரத்தில் குறுஞ்செய்தி நுழைந்துவிட வாய்ப்பு அதிகம்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள்.

ஒன்று, அப்பாவோ அண்ணனோ ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தால் "சீக்கிரம் கரைக்கு வாங்க" என்று சொல்லவே கூடாது. ஆழ்கடலில் படகுக்கு ஆபத்து குறைவு. ஆபத்து கரையிலும் துறைமுகத்திலும்தான். அதிகாரிகள் சொல்லும்வரை அவர்கள் கடலிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு, முதல் அலை போனதும் திரும்பி வரக் கூடாது. சுனாமி ஒற்றை அலையாக வராது. மணிக்கணக்கில் அடுத்தடுத்து வரும். இரண்டாவது, மூன்றாவது அலை இன்னும் பெரிதாக இருக்கலாம். ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் வீடு.

தண்டலத்திலேயே தரை ஆடினால்?

முதலில் உங்களைப் பாருங்கள். உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரேக், கண்ணாடி, தொங்கும் பொருள்களை விட்டு விலகுங்கள். ஆட்டம் நின்ற பிறகு, லிஃப்ட்டைத் தொடாமல், படியில் இறங்கி உங்கள் கம்பெனி குறித்து வைத்திருக்கும் கூடும் இடத்துக்குப் போங்கள்.

அங்கே நின்றதும் அடுத்த வேலை போனைப் பார்ப்பது. "நடுக்கத்தின் மையம் எங்கே? கடலிலா?" 2004-ல் காலை ஆறரை மணிக்குக் கட்டில் ஆடியபோது யாரும் கேட்காத கேள்வி இது. இன்று கேட்டால் பதில் சில நிமிடங்களில் கிடைக்கும்.

இன்றைக்கே முடிக்க ஐந்து வேலைகள்

1. டிஎன்-அலர்ட், சசேத் செயலிகளைப் பதிவிறக்கி, லொகேஷன், அறிவிப்பு இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள்.
2. போன் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகள் ஆன் நிலையில் உள்ளதா பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் உள்ளவர்கள் போனிலும் பாருங்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு யார் சொல்வார் என்று முடிவு செய்யுங்கள்.
3. ஊரில் மூன்று நம்பர்களைச் சேமியுங்கள்: மாடி வீட்டுக்காரர் ஒருவர், கிராம நிர்வாக அலுவலர், கோயிலிலோ பள்ளிவாசலிலோ மாதா கோயிலிலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ மைக் செட் வைத்திருப்பவர். மூன்றாவதுதான் நல்லவாட்டைக் காப்பாற்றியது.
4. எங்கே போவது என்று வீட்டில் பேசி வையுங்கள். பாதுகாப்பு மையமா, பள்ளி மாடியா, உள்பக்கம் மேடான இடமா? வயதானவர்களோடு நடந்தால் எத்தனை நிமிடம் என்று ஒருமுறை நடந்தே பாருங்கள்.
5. இந்த எண்களைச் சேமியுங்கள்: மாநில அவசரகால மையம் 1070, மாவட்டம் 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108. வெளி மாவட்டத்திலிருந்து 1077-ஐ அழைக்கும்போது, அந்த மாவட்டத்தின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேருங்கள். நாகப்பட்டினம் என்றால் 04365-1077.

ஐந்தும் சேர்ந்து அரை மணி நேர வேலை. கம்பெனி பஸ் தண்டலத்திலிருந்து ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் முதல் மூன்றை முடித்துவிடலாம். மீதியை இன்று ராத்திரி அம்மாவிடம் பேசும்போது கேட்டுவிடுங்கள்: "அம்மா, நம்ம ஊர்ல மைக் செட் யார்கிட்ட இருக்கு?"